இந்த மருந்துக்கு நோய் கேட்குமா? – புராஸ்டேட் புற்றுநோயும் ஸ்கேன் படம் சொல்லும் முன்கணிப்பும்
(வானூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் கேட்கப்படுவது, ‘எங்கெங்கே பரவியிருக்கு?’ என்பது. அடுத்து, ‘எவ்வளவு செலவாகும்?’ இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. ‘நீங்கள் சொல்லும் இந்த மருந்துக்கு இவருடைய நோய் கேட்குமா?’ நெடுங்காலமாக மருத்துவர்களிடமும் இதற்குப் பதில் இல்லை. ‘கொடுத்துப் பார்ப்போம்’ என்போம். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்போம். கேட்டிருந்தால் நல்லது, கேட்காவிட்டால் மூன்று மாதமும் பணமும் போனது போனதுதான்.

புராஸ்டேட் புற்றுநோயில் இந்த நிலை மாறிவருகிறது. மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே, ஒரு படத்தைப் பார்த்து, இவருக்குக் கேட்கும், இவருக்கு ஐயம், இவருக்கு வேண்டாம் என்று ஓரளவு உறுதியோடு சொல்ல முடிகிறது. அணு மருத்துவத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன். பெருநகரத்து ஐந்து நட்சத்திர மருத்துவமனைக்கு உரிய பேச்சு இது என்று சிலர் எண்ணக்கூடும். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பணம் இருப்பவர் ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். அரை காணி நிலத்தை விற்று ஒரே ஒரு மருந்து வாங்கக்கூடியவருக்குத்தான், அது கேட்குமா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த நோய் எப்படி வெளிப்படுகிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறுபதைத் தாண்டியவர் இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறார். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார். பிறகு இடுப்புவலி. தைலம், ஒத்தடம், புத்தூர்க் கட்டு எல்லாம் ஆன பிறகு திண்டிவனத்தில் ஓர் எக்ஸ்ரே. அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ வந்து சேரும்போது நோய் எலும்பில் இறங்கியிருக்கும். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தளர்ந்தாலோ, அது தண்டுவடத்தை நோய் அழுத்துவதாக இருக்கலாம். அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பவர் தொடர்ந்து நடக்க வாய்ப்பு அதிகம். படுத்துவிட்டவரை எழுப்புவது மிகக் கடினம்.

பரவிய நோய்க்கு முதல் சிகிச்சை, ஆண் ஹார்மோனை நிறுத்துவது. சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டிய வழி. அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விதைகளை அகற்றும் சிறிய அறுவைச் சிகிச்சையோ, மாதக்கணக்கில் போடும் ஊசியோ, எதுவானாலும் பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்கும். வலி குறையும், பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு இறங்கும். ஆனால் ஒரு கட்டத்தில், சிலருக்கு ஓராண்டில், சிலருக்குப் பல ஆண்டுகளில், நோய் ஹார்மோன் இல்லாமலே வளரக் கற்றுக்கொள்கிறது. அப்போதுதான் அபிராடிரோன், என்சலூடமைடு, டோசிடாக்சல், கபாசிடாக்சல், லூட்டீசியம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. எதை எடுப்பது? இந்த முச்சந்தியில்தான் படம் கைகொடுக்கிறது.

புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்றொரு புரதம் இருக்கிறது. புற்றாக மாறிய செல்லில் இது பல மடங்கு கூடிவிடும். இதைக் கண்டுபிடித்த கதை 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் தொடங்குகிறது. அங்குள்ள ராஸ்வெல் பார்க் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கழுத்தெலும்புக்கு மேலிருந்த நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்தார்கள். அந்தச் செல்களைக் கொண்டு 1987இல் ஓர் எதிர்ப்பொருள் உருவானது. அதில் கதிரியக்க அணுவைப் பூட்டி எடுத்த ஸ்கேனுக்கு 1996இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் படம் சரியாக வரவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அந்த எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டது புரதத்தின் உள்முனையை, அதாவது செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியை. உயிருள்ள செல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. செத்த செல்லைத்தான் அது காட்டியது. நாம் தேடுவதோ உயிரோடு இருக்கும் புற்றை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் விஞ்ஞானிகள் 2012இல், புரதத்தின் வெளிப்புறக் குழிவில் பொருந்தும் ஒரு சிறிய மூலக்கூறைக் காலியம்-68 அணுவோடு இணைத்து வெளியிட்டபோதுதான் தெளிவான படம் கிடைத்தது. 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. இந்திய மருத்துவமனைகளில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இந்த ஸ்கேன் நடந்துவந்தது.

இதே மூலக்கூறின் நெருங்கிய உறவான இன்னொன்றில் காலியத்துக்குப் பதிலாக லூட்டீசியம்-177 ஐப் பூட்டினால் அது மருந்தாகிறது. லூட்டீசியம் வெளியிடும் பீட்டா கதிர் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரமே பாயும். ஒட்டிக்கொண்ட செல்லையும் அக்கம்பக்கத்துச் செல்களையும் தாக்கிவிட்டு அங்கேயே அடங்கிவிடும். படம் எடுக்கப் போட்ட பொருள் எங்கே போய் ஒட்டியதோ, மருந்தும் அங்கேதான் போய் ஒட்டும். ஸ்கேனில் ஒரு கட்டி ஒளிரவில்லை என்றால் மருந்தும் அதைத் தொடாது. முன்கணிப்பு சாத்தியமாவதற்கு அடிப்படையே இதுதான்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். ஊசி போட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். தண்ணீர் குடிக்கச் சொல்வோம், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். பிறகு இருபது நிமிடம் போல மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். திரையில் வெள்ளைப் பின்னணியில் ஓர் ஆள் உருவம் சாம்பல் நிறத்தில் வரும். ஊசியில் போட்ட பொருள் சேர்ந்து ‘ஒளிரும்’ இடங்கள் இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும். நோய் இல்லாதவருக்கும் சில இடங்கள் கறுப்பாகத்தான் இருக்கும்: கண்ணீர்ச் சுரப்பிகள் இரண்டு புள்ளிகளாக, காதுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் உமிழ்நீர்ச் சுரப்பிகள், மங்கலாகக் கல்லீரல், அழுத்தமான கறுப்பில் சிறுநீரகங்கள், சிறுகுடலின் தொடக்கம், சிறுநீர்ப்பை. இந்த இடங்களில் இயல்பாகவே அந்தப் பொருள் சேரும். லூட்டீசியம் சிகிச்சை எடுத்தவர்களுக்கு வாய் உலர்ந்துபோவது இதனால்தான். மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போகிறது. படம் அதையும் முன்பே சொல்லிவிடுகிறது.

நோய் எவ்வளவு கறுப்பு என்பதை நாங்கள் அளப்பதற்கு அளவுகோலும் அந்த நோயாளியின் உடலிலேயே இருக்கிறது. கட்டியின் கறுப்பு அவருடைய கல்லீரலைவிடக் குறைவா, கூடவா? உமிழ்நீர்ச் சுரப்பியைவிடக் கூடவா? கல்லீரலை மிஞ்சினால் லூட்டீசியத்தைப் பற்றிப் பேசலாம். உமிழ்நீர்ச் சுரப்பியையும் மிஞ்சினால் நம்பிக்கையோடு பேசலாம். 831 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2021இல் வெளியான ‘விஷன்’ என்ற பன்னாட்டு ஆய்வும் ஏறத்தாழ இந்தக் கல்லீரல் அளவுகோலையே வைத்து ஆட்களைச் சேர்த்தது. வழக்கமான சிகிச்சையோடு லூட்டீசியம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 11.3 மாதம். நான்கு மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். அது எல்லோரையும் கலந்து பார்த்த எண். யாருக்கு அதிகம் கேட்டது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிகிறது.

பிரித்துப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். ‘தெரபி’ என்ற அவர்களது ஆய்வில் 200 பேர். பாதிப் பேருக்கு லூட்டீசியம், பாதிப் பேருக்குக் கபாசிடாக்சல் கீமோ. பி.எஸ்.ஏ. பாதிக்குமேல் இறங்கியவர்கள் லூட்டீசியத்தில் 66 விழுக்காடு, கீமோவில் 37 விழுக்காடு. பிறகு அதே நோயாளிகளின் பழைய படங்களுக்குத் திரும்பிப் போய், உடல் முழுவதிலும் உள்ள நோயின் சராசரி எஸ்.யூ.வி. அளவைக் கணக்கிட்டார்கள். எஸ்.யூ.வி. என்பது, போட்ட ஊசி மருந்து உடலெங்கும் சமமாகப் பரவியிருந்தால் இருக்கும் அடர்த்தியைப்போல எத்தனை மடங்கு ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது என்ற எண். அது 10 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் லூட்டீசியம் 91 விழுக்காட்டினருக்குக் கேட்டது. கீமோ 47 விழுக்காட்டினருக்கு. 10க்குக் கீழே இருந்தவர்களிலோ 52க்கு 32 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்த படத்தில் இந்த வேறுபாடு இருந்திருக்கிறது. இந்த எண்களை முதலில் படித்த நாளிலிருந்து, ஸ்கேன் அறிக்கையில் ‘பரவியுள்ளது’ என்று மட்டும் எழுதி அனுப்புவது எனக்கு அரைகுறை வேலையாகவே தெரிகிறது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஸ்கேன். ஒன்று பி.எஸ்.எம்.ஏ.; மற்றொன்று சர்க்கரையைக் கொண்டு எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேன். வேகமாக வளரும் புற்று சர்க்கரையை அள்ளிக்கொள்ளும். சில நோயாளிகளில், நோயின் ஒரு பகுதி பி.எஸ்.எம்.ஏ. புரதத்தையே கைவிட்டுவிடுகிறது. முதல் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், சர்க்கரைப் படத்தில் பளிச்சென்று தெரியும். அந்த இடம் கல்லீரலில் இருந்தால், முதல் படத்தை மட்டும் பார்க்கும்போது ‘கல்லீரல் சுத்தம்’ என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் மிகக் கொடிய நோய் இருக்கும். அப்படிப்பட்டவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை.

திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மகன் தன் தகப்பனாரை அழைத்து வந்தார். கல்குவாரிக்கு ஓடும் டிப்பர் லாரி ஒன்று அந்த மகனுக்குச் சொந்தம். வேறு எங்கோ லூட்டீசியம் போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சுற்றுக்கே லட்சத்துக்கு மேல் ஆகும், ஆறு சுற்று வரை போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ‘வண்டிய வித்துடறேன் சார், அப்பாவுக்குக் கேக்கும்னா சொல்லுங்க’ என்றார். எலும்புகள் பி.எஸ்.எம்.ஏ. படத்தில் ஒளிர்ந்தன. கல்லீரலில் மூன்று இடம் ஒளிரவில்லை. சர்க்கரைப் படத்தில் அந்த மூன்றும் நெருப்பாக இருந்தன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். ‘அப்போ இந்த மூணையும் அந்த மருந்து தொடாதுங்களா?’ என்று அவரே கேட்டார். தொடாது என்றேன். வண்டியை விற்கவில்லை. தகப்பனார் அரசு மருத்துவமனையில் கீமோ எடுத்துக்கொண்டார். வலி குறைந்து சில மாதம் வீட்டில் நடமாடினார். வேண்டாம் என்று சொல்லும் படத்துக்கு இருக்கும் மதிப்பை நம் மருத்துவ உலகம் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்பது என் திடமான கருத்து. அமெரிக்காவில் 2022இல் இந்த மருந்து விற்பனைக்கு வந்தபோது ஓர் ஊசியின் பட்டியல் விலை 42,500 டாலர். அங்கேயே இது பெரிய பணம் என்றால், கேட்காத இடத்தில் போடும் ஊசி இங்கே ஒரு குடும்பத்தை என்ன செய்யும்?

மாணவர்களுக்காக இரண்டு எச்சரிக்கைகள். ஒளிர்வதெல்லாம் புராஸ்டேட் புற்று அல்ல. ஆறிவரும் எலும்பு முறிவு ஒளிரும். சில வேளைகளில் காசநோய்க் கணுக்களும் ஒளிரும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. அடுத்தது, சிகிச்சை தொடங்கிய உடனே எடுக்கும் படம் ஏமாற்றும். ஹார்மோன் சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்துக்குள் எலும்பு ஸ்கேன் எடுத்தால், பழைய புள்ளிகள் அழுத்தமாகவும் புதிய புள்ளிகளோடும் வரலாம். நோய் கூடிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். பல நேரங்களில் அது எலும்பு ஆறுவதன் அடையாளம். புண் ஆறும் இடத்தில் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்காக ஸ்கேன் பொருளை அதிகம் இழுக்கிறது. இதனால்தான் 2016இல் வெளியான பன்னாட்டு விதிமுறை, முதல் ஸ்கேனில் புதுப்புள்ளிகள் தெரிந்தாலும், அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு புள்ளிகளாவது கூடினால்தான் நோய் முற்றியதாகக் கொள்ளச் சொல்கிறது. பி.எஸ்.எம்.ஏ. படத்திலும் இந்த மயக்கம் உண்டு. ஹார்மோனை அடக்கிய முதல் சில வாரங்களில் செல்கள் அந்தப் புரதத்தைக் கூடுதலாகவே வெளிக்காட்டலாம். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தை இந்தப் பதற்றத்தில் நிறுத்திவிட்டால் நோயாளிக்கு மீட்க முடியாத நட்டம்.

விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் முன்கணிப்பே முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் 790 பேரிடம் நடந்த ‘சார்ட்டட்’ ஆய்வு 2015இல் வெளியானது. ஹார்மோன் சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே ஆறு சுற்று டோசிடாக்சல் சேர்த்தால் பயன் உண்டா என்பது கேள்வி. நோயை அளக்க அவர்கள் பயன்படுத்தியது சாதாரண எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும்தான். நான்கு இடத்துக்குக் குறையாமல் எலும்பில் நோய் இருந்து, அதில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வெளியே இருந்தால், அல்லது நுரையீரல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்பில் நோய் இருந்தால், அது ‘அதிகப் பரவல்’. அப்படிப்பட்டவர்களுக்குக் கீமோ சேர்த்ததில் இடைநிலை ஆயுள் 32.2 மாதத்திலிருந்து 49.2 மாதமாகக் கூடியது. ஒன்றேகால் ஆண்டுக்கு மேல்! 2018இல் வெளியான பிரிட்டனின் ‘ஸ்டாம்பீட்’ ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. குறைந்த பரவல் உள்ளவர்களுக்கு, புராஸ்டேட் சுரப்பிக்கே கதிர் சிகிச்சை கொடுத்தால் மூன்றாண்டு உயிரோடிருப்போர் 73 விழுக்காட்டிலிருந்து 81 ஆகிறது. அதிகப் பரவல் உள்ளவர்களுக்கு அதில் பயன் இல்லை. எலும்பு ஸ்கேனில் உள்ள புள்ளிகளை ஒழுங்காக எண்ணி, எங்கே இருக்கின்றன என்று அறிக்கையில் எழுதினால், யாருக்குக் கீமோ, யாருக்குக் கதிர் என்பது தெரிந்துவிடுகிறது. டோசிடாக்சல் இந்தியாவிலேயே தயாராகும், விலை குறைந்த மருந்து. ‘பல இடங்களில் பரவியுள்ளது’ என்ற ஒற்றை வரி அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்தியாவின் பங்கு இந்தத் துறையில் சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸில் சி.எஸ். பால் தலைமையிலான குழு லூட்டீசியம் சிகிச்சையை உலகில் முன்னரே தொடங்கிய குழுக்களில் ஒன்று. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள், கீமோ இன்னும் எடுக்காத 40 பேரைக் கொண்டு லூட்டீசியத்தையும் டோசிடாக்சலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் வேதாங் மூர்த்தி குழு, 224 நோயாளிகளிடம் இடுப்பு முழுவதற்கும் கதிர் கொடுப்பதன் பயனை நிறுவியபோது, அவர்களில் பெரும்பாலோரை முதலில் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் எடுத்தே தேர்ந்தெடுத்தார்கள். லூட்டீசியம்-177 டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையிலேயே தயாராகிறது. நமக்கு வடக்கே, கடற்கரையோரம், கல்பாக்கத்தின் வேக ஈனுலையிலும் இட்ரியத்திலிருந்து ஸ்ட்ரான்சியம்-89 ஆக்கியிருக்கிறார்கள். புற்று இறங்கிய எலும்பின் வலியைத் தணிக்கும் பழைய மருந்து அது.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறது. லூட்டீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள். மும்பையிலிருந்து விமானத்தில் சென்னை வர ஒரு நாள் ஆனாலும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். காலியத்தின் அரை ஆயுளோ 68 நிமிடம். சென்னையில் தயாரித்து இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம் கொண்டுவந்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அரை ஆயுள் 110 நிமிடமுள்ள ஃபுளூரின்-18 ஆனால் ஏறத்தாழ பாதி மிஞ்சும். இன்னொரு வழியும் உண்டு. ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் அணுவையே பி.எஸ்.எம்.ஏ. மூலக்கூறோடு இணைக்கலாம். எலும்பு ஸ்கேன் எடுக்கும் அதே காமா காமிராவில் படம் எடுத்துவிடலாம். சின்னஞ்சிறு கணுக்களை அது தவறவிடும், உண்மைதான். ஆனால் எலும்பெங்கும் நோய் பரவிய ஒருவருக்கு லூட்டீசியம் ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்விக்கு அது பெருமளவு விடை சொல்லும். மாவட்டத் தலைநகரங்களில் காமா காமிராவை வைப்பது எட்டாத கனவல்ல. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால், அந்த மருந்து கேட்குமா என்று காட்டும் படத்துக்கு ஆகும் செலவு சிறியது. இதை அரசு அதிகாரிகள் இருக்கும் அவையிலும் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் படத்தின் வேலை முடிவதில்லை. லூட்டீசியம் பீட்டா கதிரோடு கொஞ்சம் காமா கதிரையும் வெளியிடுகிறது. அதனால் மருந்து போட்ட மறுநாள் அந்த மருந்தையே படமெடுக்கலாம். தனியாக ஸ்கேன் ஊசி தேவையில்லை. எங்கே போய்ச் சேர்ந்தது, எவ்வளவு சேர்ந்தது என்பது நேராகத் தெரியும். ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போடும்போது மறுபடி எடுத்து ஒப்பிட்டால், நோயின் அளவு சுருங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மிக நன்றாகச் சுருங்கியவர்களுக்கு மீதி ஊசிகளை நிறுத்திவைத்து, நோய் திரும்பத் தலைகாட்டும்போது மீண்டும் தொடங்குவதைச் சிட்னி மருத்துவர்கள் முயன்றுவருகிறார்கள். சுருங்காதவர்களுக்கு மூன்றாவது ஊசிக்குக் கடன் வாங்கும் முன்பே வழியை மாற்றலாம்.

இதற்கெல்லாம் பழைய படம் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் அறிக்கைத் தாளைப் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள்; படம் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டால் வீட்டில் எங்கோ கிடக்கிறது என்கிறார்கள். தாளில் இருப்பது ஒருவர் பார்த்து எழுதியது. ஒப்பிட எங்களுக்கு வேண்டியது குறுந்தகட்டில் இருக்கும் படம். ஸ்கேன் எடுத்த இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள்; ஊசி போட்ட நேரமும் மருந்தின் பெயரும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். கருவி மாறினால் எஸ்.யூ.வி. எண்ணும் மாறும், நோய் மாறியதா, கருவி மாறியதா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். முந்தைய பி.எஸ்.ஏ. முடிவுகளையும் தேதியோடு ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். மருத்துவர் புதிய மருந்தைச் சொல்லும்போது, படத்தைத் திறந்து காட்டச் சொல்லி, இந்த நோய் இந்த மருந்துக்குக் கேட்குமா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.